முப்பத்தோரு வருடத் தண்ணீர்

உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்து அரங்கு.
மடக்கு நாற்காலிகள். தரை மெழுகின் வாசம்.
என் கையில் மஞ்சள் அட்டை, எண் 217.
தீர்மானம் பதினெட்டு:
வீட்டுக் கழிவுத்தொட்டிகள் அத்தனையும்
ஐந்தாண்டுக்குள் மாற்றப்பட வேண்டும்.
எதிர்த்துத் தூக்கத்தான் போயிருந்தேன்.

முப்பத்தெட்டாயிரம் டாலர்.
எனக்கு வருவது ஓய்வூதியம்,
கோடையில் மாடி அறைக்கு வரும் வாடகை.
மெனிக்விட் குடா செத்ததற்கு
என் ஒற்றைக் கக்கூஸா காரணம்?
கோல்ஃப் மைதானத்துக்கு உரம் கொட்டியது யார்?
பாஸ்டனிலிருந்து வந்து
எட்டுக் குளியலறை கட்டினவர்கள் யார்?
எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி
நாலாக மடித்து எடுத்துப் போனேன்.

முதலில் பேச வந்தவர் சிப்பிக்காரர் எலிசியூ தவாரெஸ்.
பேசவில்லை.
கையிலிருந்த வாளியை
மைக்குக்கு அடியில் கவிழ்த்தார்.
கறுத்த பாசி.
அழுகிய முட்டை வாடைக்கு
முன்வரிசை மொத்தமும் எழுந்து நின்றது.
"இந்த வருஷத்து அறுவடை" என்று சொல்லி
உட்கார்ந்துகொண்டார்.

பிறகு சுகாதார அலுவலர் டெல்ஃபினா பரோஸ்,
ஒரு வரைபடத்தோடு.
நம் ஊர் மணல் நல்ல மணல், என்றாள்.
கிருமியைப் பிடித்து நிறுத்தும்,
நைட்ரஜனை மட்டும் போகவிடும்.
சிறுநீரில் கரைந்திருப்பது
நிலத்தடி நீரோடு கடலுக்கு நடக்கிறது,
நாளுக்கு ஒரு அடி.
அங்கே பாசி அதைத் தின்று கொழுக்கும்,
கடற்புல்லுக்கு வெயில் கிடைக்காது,
புல் இல்லாத இடத்தில் சிப்பிக் குஞ்சு தங்காது.

படத்தில் நிறம் நிறமாய்ப் பட்டைகள்:
பத்து வருடம், இருபது வருடம்.
என் தெரு ஊதாப் பட்டையில் இருந்தது.
முப்பத்தோரு வருடம்.

அட்டையின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
அந்தக் கோடையில்தான்
ஆர்லோ கூரைக்குப் புதுப் பலகை அடித்தான்.
வெயிலோடு பியராகக் குடித்தான்.
ராத்திரி மூன்று முறை எழுந்து போனான்,
கதவைச் சாத்தாமல்.
மண்ணுக்குள் போய் இருபத்திரண்டு வருடமான மனிதன்
இன்னும் நடந்துகொண்டிருக்கிறான்.
இந்த ஜூலையில் குடாவுக்கு வந்து சேருவான்.

சிரித்துவிட்டேன்.
அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்தது.
பக்கத்திலிருந்த கார்டீலியா
இருமல் என்று நினைத்துத் தண்ணீர் புட்டியை நீட்டினாள்.

இன்னும் ஒன்பது வருடம்
அவன் வந்துகொண்டே இருப்பான்.
அதற்குப் பிறகு
நான் மட்டும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
நாங்கள் அளக்கவில்லை என்பதல்ல,
போடுகிறோம் என்பதே தெரியாது.
பிடியை அழுத்தினால்
முடிந்தது என்று நினைத்தோம்.

மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.
எண்ணுகிறவர்கள் வரிசை வரிசையாக வந்தார்கள்.
"ஆதரிப்போர்" என்றதும் தூக்கினேன்.
எலிசியூவுக்காக என்று சொல்ல ஆசைதான்,
பொய்யாகிவிடும்.
பதினோரு வாக்கில் ஜெயித்தது.
நாலாக மடித்த தாள் பையிலேயே கிடந்தது.
அதிலுள்ள கேள்விகள்
இன்னமும் சரியான கேள்விகள்.

மாவட்டக் கடன், இருபது வருடத் தவணை.
எனக்கு வயது எழுபத்தொன்பது.
கையெழுத்து வாங்கின பையன்
நிமிர்ந்தே பார்க்கவில்லை, நல்ல பிள்ளை.

அக்டோபரில் மண்வாரி இயந்திரம் வந்து
ஹைட்ரேஞ்சியாவை வேரோடு தூக்கி ஓரமாய் வைத்தது.
பழைய தொட்டி வெளியே வந்தபோது
அண்டை வீட்டார் ஜன்னலை மூடினார்கள்.
புதியதில் ஒரு அறை நிறைய மரச்சீவல்.
அதில் வாழும் நுண்ணுயிர்
நைட்ரஜனைப் பிரித்துக் காற்றுக்கே அனுப்பிவிடுமாம்.
புல்தரைக்கு அடியில் இரவெல்லாம் ஒரு உறுமல்,
ஆர்லோவின் குறட்டையைவிடக் கொஞ்சம் சன்னம்.

மூடியில் ஒரு ஸ்டிக்கர்:
சிவப்பு விளக்கு எரிந்தால் இந்த எண்ணைக் கூப்பிடவும்.
நேற்று எரிந்தது.
கூப்பிட்டேன்.
கொஞ்சம் பியானோ வாசித்துவிட்டுச் சொன்னார்கள்,
வரிசையில் நீங்கள் பதினான்காவது.