இதர வரவு

கோர்ட்ஸன் அண்ட் சன்ஸ், கூரை மற்றும் தச்சு வேலை.
லாரியின் பக்கவாட்டில் பெயருக்குக் கீழே
ஒரு வசனத்தின் எண். வசனம் இல்லை;
தெரிந்தவர் தெரிந்துகொள்ளட்டும் என்பது ஆர்லின் கட்சி.
அதற்கும் கீழே தொலைபேசி எண்.
மணி அடித்தால் எடுப்பவள் நான்.
பதினோரு வருடமாகக் கணக்கும் எழுதுகிறேன்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமைக்குக் கூலி கிடையாது.
மென்னோனைட் சபை தரும் பட்டியலோடு கிளம்புவார்கள்:
சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், உளுத்த படி,
கான்சாஸ் காற்று பிய்த்தெறிந்த கூரை.
பலகையும் ஆணியும் கம்பெனிச் செலவு.
'தர்மம்' என்று தலைப்புப் போடவா என்று
முதல் வருடம் கேட்டேன்.
இடக்கைக்கே தெரியக்கூடாதாம், ஆடிட்டருக்கு எதற்கு என்றார்.
'இதர செலவு' என்று எழுதினேன்.

மே மாதம் ஆலங்கட்டி மழை.
எலுமிச்சை அளவு என்றது வானொலி.
என் கார்க் கண்ணாடியைக் கேட்டால் தேங்காய் என்னும்.
பட்டியலில் நாற்பத்தொரு வீடு.
இருபத்தாறாவது: டெல்ஃபினா ஒர்னேலாஸ்,
ரயில் பாதைக்கு மேற்கே.

ஒர்னேலாஸ். முன்பே எழுதியிருக்கிறேன்,
வேறொரு பேரேட்டில்.
ரமீரோ ஒர்னேலாஸ், நாள்கூலி, சாரம், இருபத்திரண்டு அடி.
கொடுக்க வேண்டியதைக் காப்பீடு கொடுத்தது.
நாங்கள் பூ அனுப்பினோம்
(எண்பத்து நான்கு டாலர், இதர செலவு).
யாரும் போகவில்லை.
போக வேண்டாம் என்றார் வக்கீல்.
மற்ற விஷயங்களில் எப்படியோ,
வக்கீல் சொல்லை நாங்கள் தட்டியதில்லை.

ஆர்லின் பட்டியலை வெகுநேரம் பார்த்தார்.
பென்சிலைக் காதில் செருகினார், எடுத்தார், செருகினார்.
வேறு ஆட்களை அனுப்பலாமே என்றான் மகன் கேலன்.
ஏணியை நான் எடுக்கிறேன் என்றார்.
அறுபத்தெட்டு வயது, ஒரு முழங்காலில் உலோகம்.

சாண்ட்விச் பெட்டியோடு நானும் போனேன்.
வேலைக்கு முன் தொப்பி கழற்றி ஜெபிப்பது வழக்கம்.
ஆர்லின் கழற்றினார். வாய் திறக்கவில்லை.
எதிர்வயலில் கோதுமை
தனக்குத் தானே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.
கேலன் இருமினான்.
யாரோ ஆமென் என்றார்கள், எதற்கென்று தெரியாமல்.

நான்கு பேர் மேலே ஏறிய பிறகுதான்
அவள் வாசலுக்கு வந்தாள்.
கைகளைத் துடைத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள்.
வணக்கம் இல்லை, வாருங்கள் இல்லை.
"கயிறு எங்கே?"

நான்கு பேரும் இறங்கினார்கள்.
லாரியில் இருந்தவை இரண்டு.
மற்ற இரண்டுக்குக் கேலன் கடைக்குப் போய் வரும்வரை
முக்கால் மணி நேரம்
புல்லில் நின்றோம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி.
ஆர்லின் கடைசியாகக் கட்டிக்கொண்டார்.
அவள் கிட்டே வந்து
அவர் இடுப்பு முடிச்சைப் பிடித்து ஒருமுறை இழுத்தாள்,
அவர் ஒரு அடி தடுமாறும் அளவுக்கு.
"ஏறுங்கள்."

மாலையில் பில் கேட்டாள்.
இது இலவசம் என்றேன்.
"அவர் உங்களிடம் இலவசமாக வேலை செய்யவில்லை" என்றாள்.
அவள் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினேன்:
ஓடு பத்தொன்பது கட்டு, தார்த்தாள், ஆணி, தகரம்.
கூலி என்ற இடத்தை வெறுமையாக விட்டேன்.
அதன் மேல் விரல் வைத்தாள். "இது?"
"சனிக்கிழமை" என்றேன்.
வேறொன்றும் வாயில் வரவில்லை.
விரலை எடுக்கச் சற்று நேரமானது.

மாதம் நாற்பது டாலர் மணியார்டர் வருகிறது.
முதல் மாதம் வந்ததைத் திருப்பி அனுப்பவா என்றேன்.
வேண்டாம், வரவு வை என்றார்.
எந்தத் தலைப்பில் என்று அவரும் சொல்லவில்லை.
பேரேட்டில் இல்லாத ஒரு தலைப்பை
நானே எழுதிக்கொண்டேன்.

இன்னும் பதினான்கு தவணை.
மாதாமாதம் ஆர்லின் கேட்பது ஒரே சொல்: "வந்ததா?"
வந்தது என்பேன்.
சனிக்கிழமைகளில் லாரியைக் கிளப்புமுன்
கயிறுகளை எண்ணுகிறார், வாய்விட்டு,
ஒன்றிலிருந்து.
இடையில் யாராவது பேசினால்
மறுபடியும் ஒன்றிலிருந்து.