மோதிரவிரல்

என் பெயர் நெர்குய்.
பெயரில்லாதவன் என்று பொருள்.
எனக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லையாம்.
மூன்றாவதைத் தேடி வரும் பேய்கள்
ஏமாந்து திரும்பட்டும் என்று வைத்தார்கள்.
பேய்கள் ஏமாந்தன.
அப்பா ஏமாறவில்லை.
எவ்வளவு குடித்திருந்தாலும்
இருட்டில் சரியாக என்னிடம் வந்துவிடுவார்.

ஏழு வயதில், ஒரு ஜனவரி இரவு,
கரி வாங்கக் கொடுத்த காசில் பாதியைத் தொலைத்தேன்.
கூடாரத்துக்கு வெளியே நிறுத்தித் தாழ் போட்டார்.
மைனஸ் முப்பத்தொன்று என்று
மருத்துவமனையில் யாரோ சொன்னார்கள்.
அன்றிரவு நாய்தான் இடம் கொடுத்தது.
வலது மோதிரவிரலின் முதல் கணு
அதற்குப் பிறகு என்னுடையதில்லை.

இப்போது உலான்பாத்தரில் லிஃப்ட் பழுதுபார்க்கிறேன்.
பதினோராம் மாடி, வாடகை.
வாசல் பலகையில் என் பொத்தானுக்கு எதிரே
வெறும் கோடு.

போன மாதம் அப்பா செத்தார்.
பகலில் மருந்துக்கடையில் கணக்கெழுதும் சொல்மோன்
இரவில் மேளம் தட்டி, கண்ணை மூடி,
"உன் ஆட்கள் கீழே நிற்கிறார்கள்,
எந்தப் பொத்தான் என்று தெரியாமல்" என்றாள்.
கட்டணத்தைப் போனில் அனுப்பிவிட்டு இறங்கிப் போனேன்.

நின்றார்கள்.
மீசையில் உறைபனியோடு ஒருவர்,
கையில் கடிவாளம்,
குதிரையைக் கட்ட இடம் தேடி
கார்களுக்கிடையே பார்த்துக்கொண்டிருந்தார்.
சிவப்பு அங்கியில் மூன்று துளைகளோடு ஒரு லாமா.
தண்டவாளம் போடப் போய்த் திரும்பாத அண்ணன் தம்பி.
முகம் தெரியாத பெண்கள் நால்வர்.
கடைசியில் அப்பா,
சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டபடி. செத்த பிறகுமா.

"எட்டுப் பேர்தான் ஏறலாம்" என்றேன்.
செத்தவர்களுக்கு எடை கிடையாது.
எனக்குத் தெரியும்.
கதவு மூடியது.

பால்கனியில் வோட்காவை ஊற்றினேன்,
அவரைத் தின்ற அதே சரக்கு.
மோதிரவிரலால் தொட்டு
வானத்துக்குச் சுண்டுவது எங்கள் முறை.
குட்டை விரல்.
துளி கம்பியைக்கூடத் தாண்டவில்லை.
என் சட்டையிலேயே விழுந்தது.

கடிவாளக்காரர் என் கையைப் பிடித்து
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"யார் செய்தது?"

இருபது வருஷத்தில்
இதைக் கேட்ட முதல் ஆள்.

நான் கீழே பார்த்தேன்.
எல்லோரும் கீழே பார்த்தார்கள்.
பெண்களில் ஒருத்தி
பால்கனிக் கதவைச் சாத்தினாள்.

விடியும் நேரத்தில் வாசல்மணி அடித்தது.
பெயரில்லாத பொத்தானை எப்படிக் கண்டுபிடித்தாரோ.
அப்போதும் அப்படித்தானே.
ஒலிவாங்கியை எடுத்தேன். மூச்சுச் சத்தம்.
கதவு திறக்கும் விசைமேல்
என் பாதி விரல்.

"குளிருதா?" என்று கேட்டேன்.

பதில் இல்லை.
ஆமாம் என்று அவர் சொல்லும்வரை
எனக்கு அவசரமில்லை.
இங்கே ஹீட்டர் ஓடுகிறது.