முப்பதரை

நூற்று எழுபது கிக் கேட்டு முடித்தேன்.
எல்லாம் ஒரே கதவை ஒரே ஆள்
தட்டிக்கொண்டிருப்பது மாதிரி.
நூற்று எழுபத்தொன்று
பக்கத்து வீட்டு எவரிஸ்டோ
சுவரில் குத்தியது.
இன்றிரவு கேட்டதில் அதுதான் தேவலை.

ரொசாரியோ. ஆகஸ்ட். மணி மூன்று.
பரானா ஆற்றில் சோயாவுக்குக் காத்திருக்கும் கப்பல்
வயிற்றுக்குள்ளேயே முனகுகிறது,
ஏறக்குறைய ஃபா.
என் டிராக்கும் ஃபா மைனர்.
அந்த பேஸை எந்தக் கம்பெனியும் விற்பதில்லை.

பகலிலும் எனக்குச் சாம்பிள் எடுக்கிற வேலைதான்.
துறைமுக வாசலில் லாரிமேல் ஏறி
இரும்புக் குழாயைச் சோயாவுக்குள் இறக்குவேன்.
ஒரு பானைக்கு ஒரு சோறு,
முப்பது டன்னுக்கு ஒரு பிடி.
ஈரம், தூசி, உடைசல்.
பார்த்ததும் சொல்லிவிடுவேன்: போகலாம். திரும்பு.
டிரைவர் கெஞ்சினாலும் திரும்பு.
அதே கை
இரவில் மௌஸைப் பிடித்தால்
ஒன்றையும் திருப்பி அனுப்பத் தெரியாது.
பதினோராயிரம் சாம்பிள்.
ஹை-ஹாட் மட்டும் அறுநூறு.
சூடான, இருண்ட, ஆழமான என்று
ஃபோல்டர் ஃபோல்டராகப் பெயரடைகள்.
பெயர்ச்சொல்லைக் காணோம்.

சின்த் விஷயம் இன்னும் மோசம்.
இலவசமாகக் கிடைத்தது நன்றாகத்தான் பாடும்,
ஃபில்டரைத் திறந்தால் பிளாஸ்டிக் வாளி.
மாத வாடகைக்கு வருவது
வாடகை நின்ற அன்றே
டிராக்கையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.
எனக்குப் பிடித்தது நூற்று எண்பது டாலர்.
டாலர் காலையில் ஒரு விலை,
மாலையில் வேறு விலை,
சம்பளம் மட்டும் அதே பெசோ.

அதனால் டிரையல்.
சேமிக்க விடாது;
எந்தக் குமிழ் எவ்வளவு திரும்பி நின்றது என்று
ஈரப்பதச் சீட்டுகளின் பின்பக்கம் வரைந்து வைத்தேன்.
அறுபது நொடிக்கு ஒருமுறை
இரண்டு நொடி வாயை மூடிக்கொள்ளும்.
காசு கொடு என்று அர்த்தம்.

நூற்று இருபத்தெட்டு வேகத்தில் வைத்தால்
அறுபது நொடி கச்சிதமாக முப்பத்திரண்டு பார்.
மௌனம் வாசற்படியில் வந்து நிற்கும்,
யாராலும் கண்டுபிடிக்க முடியாது.
வைத்துப் பார்த்தேன்.
பஸ்ஸைத் துரத்துகிறவன் மாதிரி ஓடியது.
என் டிராக் நடக்கிற ரகம்.
நூற்று இருபத்திரண்டுக்கே இறக்கினேன்.
முப்பதரை பாரில்,
சொல்லின் நடுவே இருமல் வந்ததுபோல்
அறுந்தது.
சரி என்று
அங்கே கிக்கையும் நிறுத்தினேன்.

சனிக்கிழமை, ஆற்றோர கோடவுனில்
லூத்மிலா தன் நேரத்தில் பாதியைக் கொடுத்தாள்.
எழுபது பேர் இருக்கலாம்.
முதல் முப்பதரையில்
தூக்கிய கால்கள் தூக்கியபடி நின்றன.
வெளியே கப்பல் முனகுவது கேட்டது.
பிறகு எல்லாக் கால்களும் ஒன்றாக இறங்கின.
ஒருத்தி திட்டினாள், சிரித்துக்கொண்டே.

டிசம்பரில் அண்ணன் நாவேல்
மாலகாவிலிருந்து லைசென்ஸ் வாங்கி அனுப்பினான்,
பாத்திரம் கழுவிச் சேர்த்த யூரோவில்.
எண்களைத் தட்டினேன். மௌனம் போயிற்று.
கிக்கையும் ஒழுங்காகத் திரும்ப வைத்தேன்.
எட்டு நிமிடம்
தங்குதடையில்லாமல் ஓடியது,
யாரும் இல்லாத அறையில் ஃபேன்.
நாவேல் கேட்டுவிட்டு, பிரமாதம் என்றான்.

லிஃப்டில் எவரிஸ்டோ.
குடிவந்ததிலிருந்து முதல்தடவை அவராகப் பேசினார்:
"நடுவில் ஒரு இடத்தில் நிற்குமே, அது என்ன ஆச்சு?
நான் அப்போதுதான் புரண்டு படுப்பேன்."

அன்றிரவே வெட்டினேன்.
நாவேல் காசு கொடுத்துத் திறந்த வாயை
ஏழு இடத்தில் என் கையால் பொத்தினேன்,
இரண்டிரண்டு நொடி.
பிறகு மைக்கைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு
பக்கத்து வீட்டுக்கு போன் செய்தேன்.
ஒரே ஒரு குத்து வேண்டும் என்றேன்.

கோபமாகவா, சும்மாவா
என்று கேட்டார்.