நான்காம் நிரல்

கொழும்பிலிருந்து பட்டியல் முதல்நாள் மாலையே வந்துவிடும்.
‘இதே நாளில்’: ஏழு வரி, இரண்டு நிமிடம்,
காலை ஆறு ஐம்பத்தைந்து செய்திக்கு முன்னால்.

நவம்பர் இருபத்துமூன்றுக்கும் வந்தது.
எங்கோ ஒருவன் பிறந்திருந்தான்,
கிற்றாரோடு பிறந்தவன்போல் எழுதியிருந்தார்கள்.
எங்கோ ஓர் இசைக்குழு
கைகுலுக்காமல் பிரிந்திருந்தது.
ஓர் இசைத்தட்டு பத்து இலட்சம் விற்றது.
ஒரு பாடகி விமானத்தைத் தவறவிட்டாள்,
அதனாலேயே கிழவியானாள்.
ஏழையும் வாசித்துப் பார்த்தேன்.
ஒன்றுகூடக் கல்லடிப் பாலத்தைத் தாண்டி வரவில்லை.

எட்டாவதாக ஒரு வரி சேர்த்தேன்.
‘ஆதாரம்?’ என்றார் தயாரிப்பாளர் தவனேசன்,
தேநீருக்குள் விழுந்த பிஸ்கட்டைக்
கரண்டியால் துழாவிக்கொண்டு.

ஆதாரம் ஒரு சாக்கில் இருந்தது.
ரொசைரோ சவுண்ட் சேர்விஸ், புளியந்தீவு.
கடை விற்றபோது
பழைய இரும்போடு போகவிருந்த வாடகைக் கொப்பிகள்,
முந்நூறு ரூபாய்க்கு வாங்கினேன்.
பக்கத்துக்கு நான்கு நிரல்:
திகதி, ஆள், சாமான், திரும்பியது.

23.11.78, வியாழன்.
எல்மர் பார்தலோட் குழு. டச்பார், கலியாண வீடு.
மைக் இரண்டு, ஆம்ப்ளிஃபயர் ஒன்று,
ஹோர்ன் ஸ்பீக்கர் இரண்டு. முற்பணம் நாற்பது.
நான்காம் நிரலில் ஒன்றும் இல்லை.

அன்றிரவு சூறாவளி.
கொப்பி அதைச் சொல்லவில்லை.
அடுத்த பக்கம் தண்ணீரில் ஊறி
எழுத்தெல்லாம் நீலப் புகையாகிக் கிடக்கிறது.

டிசம்பரில், சிவப்பு மையில்:
‘மைக் ஒன்று கிடைத்தது. பேசாது.
ஸ்பீக்கர் ஒன்று நாவலடியில் ஒரு வீட்டில்,
மண்ணெண்ணெய் ஊற்றும் புனலாக.
கேட்க மனம் வரவில்லை.’

மற்ற வருடங்களின் இதே நாளையும் புரட்டினேன்.
எண்பத்திரண்டு: சாமத்திய வீடு, எல்லாம் திரும்பியது.
தொண்ணூறு: பக்கம் முழுக்க ஒரு குறுக்குக்கோடு,
அடிமட்டம் வைத்து இழுத்தது.
பிந்திய சில ஆண்டுகளில்
அந்தக் கிழமை ஒலிபெருக்கிகளுக்கு வேறு வேலை இருந்தது.
யார் எடுத்தார்கள் என்று ரொசைரோ எழுதவில்லை.
முற்பணமும் இல்லை.

ஏழு வரிக்கும் பிறகு ஒரு மூச்சு விட்டு வாசித்தேன்:
‘இதே நாளில், டச்பாரில், எல்மர் பார்தலோட் குழு
ஒரு பைலாவைத் தொடங்கியது.
முடித்ததாகத் தகவல் இல்லை.’

தொலைபேசி அடித்தது.
‘மஹ்றூப் பேசுறன், காத்தான்குடி. றம்ஸ் அடிச்சது நான்தான்.
மைக் ரெண்டில்ல கா, மூணு.
மூணாவது என்ட மச்சான்ட, அதையும் எழுதுங்க.
அந்த நாப்பதுல என்ட பங்கு இன்னும் வரல்ல.’

கண்ணாடிக்கு அப்பால் தவனேசன் சிரிப்பது தெரிந்தது.
பாட்டு எங்கே நின்றது என்று கேட்டேன்.

‘ரெண்டாம் சரணத்துல லைட் போச்சி.
எல்மர் நிப்பாட்டல்ல, மைக் இல்லாமப் படிச்சாரு.
மறுகா கூரை போச்சி.
மறுகா…’

எங்கள் ஊரில் மறுகா என்றால்
அடுத்து ஏதாவது வந்தாக வேண்டும்.
வரவில்லை.
மூச்சு மட்டும் கேட்டது, அது நேரலையில் போனது.

பிறகு எதன் மேலோ, மேசையோ தகரமோ,
விரல்கள் விழத் தொடங்கின,
ஆறுக்கு எட்டில்,
நின்ற இடத்திலிருந்து.
கொஞ்சம் பிந்தியது தாளம், பிடித்துக்கொண்டது,
இன்னும் இரண்டு சுற்றில் சரணத்துக்கு வந்திருப்பார்.

தவனேசன் கையைக் காட்டினார். ஆறு ஐம்பத்தைந்து.
செய்தியின் ஆரம்ப இசை அவர்மேல் விழுந்தது.
ஒரே பாட்டு,
இரண்டாம் முறையும் பாதியில்.

மாலையில் அடுத்த பட்டியல் வந்தது.
இருபத்துநான்கு. ஏழு வரி. ஏழும் பிரபலம்.
கொப்பியில் அந்த நாள் நீலப் புகைக்குள் இருந்தது,
வெளிச்சத்தில் பிடித்தும் ஓர் எழுத்து எழும்பவில்லை.

‘இதே நாளில் இந்த ஊரில் யாரும் பாடவில்லை.’

எழுதினேன்.
ஆதாரம் கேட்பாரே என்று வெட்டினேன்.
மறுகா திரும்பவும் எழுதினேன்.