பிஸி

கழற்ற முடியாது, உபயோகத்தில் இருக்கிறது என்கிறது டிஸ்க்.
தோட்டப்பாளையம் ஸ்கேன் சென்டரில் மணி இரண்டேகால்.
ஏசி சர்வருக்கு மட்டும்.
எனக்கு, மலைகளிலிருந்து இன்னும் இறங்காத சூடு.

உள்ளே யார்?
எல்.எஸ்.ஓ.எஃப் காட்டியது இரண்டு வரி,
முதல் வரியிலேயே கண் நின்றுவிட்டது:
மெஹ்ராஜ். டெயில்.
ஓட ஆரம்பித்து இருநூற்றுப் பதினோரு நாள்.
அவன் ரியாத் போயாயிற்று,
பார்த்துக்கொண்டிருந்த லாக் ஃபைலையும் யாரோ அழித்தாயிற்று.
ஆனாலும் அந்த டெயில்
கடைசி வரிக்கு அடுத்த வரி வருமென்று
இமைக்காமல்.

போன் போட்டேன்.
"அதுவா? கொன்னுடு தணிகை" என்று சிரித்தான்.
பின்னால் லாரி ஹாரன்.
"பாலாத்துல தண்ணி வந்துச்சா?"
இல்லை என்றேன்.
வைக்காமல் கொஞ்ச நேரம் இருந்தான்.

கொன்றேன்.
மறுபடி அன்மவுண்ட். மறுபடி பிஸி.

அப்போதுதான் இரண்டாவது வரி:
பாஷ். தணிகை.
பத்து மணிக்கு இன்னொரு ஜன்னல் வழியாக
உள்ளே போய் நின்றவன் நான்.
போனதை மறந்து
வெளியிலிருந்து கதவை இடித்திருக்கிறேன்
நாலு மணி நேரமாய்.

சி.டி. ஓர் இடைவெளி. இரண்டு புள்ளி.

காட்பாடிப் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி
போய்க்கொண்டே இருந்தது.