லிஃப்ட் கதவில் ஒட்டியது

ஒட்டியது நான்தான்.
பசை தீர்ந்துபோய்
பழைய சோற்றைப் பிசைந்து ஒட்டினேன்.
ஆயர் ஈத்தாம் பிளாட், பி புளோக், லிஃப்ட் கதவு.
மகளின் கணக்கு நோட்டில் கிழித்த
கட்டம் போட்ட தாள்,
என் கோணல் எழுத்து:

பதினோராம் மாடியிலிருந்து
என் வீட்டுக்காரர் வாரம் மூன்று நாள்
ரத்தம் சுத்தம் செய்யப் போகிறார்.
நாற்காலியோடு இறக்குகிறோம்.
நாற்காலியோடு ஏற்றுகிறோம்.
லிஃப்ட் தூங்குகிறது,
படிக்கட்டுதான் ஜாகா.
இப்படிக்கு, கோமளவள்ளி, வீட்டு எண் பதினாலு.

யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்றுதான் எழுதினேன்.
படித்தார்கள்.
ஆறாம் மாடிச் சீனர் அடியில் கையெழுத்துப் போட்டார்.
ஏதோ ஒரு பிள்ளை பூனை வரைந்தது.
மேனேஜ்மெண்ட் ஆள் மட்டும்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

நாலாம் வாரம் தாளைக் காணோம்.
கிழித்திருந்தால் மூலையாவது மிஞ்சும்.
இது பிளேடு வைத்துப் பதமாய் எடுத்தது.
ஒரு சோற்றுப் பருக்கை மட்டும்
கதவில் காய்ந்துகிடந்தது.

பிறகொரு சனிக்கிழமை
கொம்தாரில் பஸ் மாறும்போது
முன்னால் போனவள் தோளில் ஒரு துணிப்பை,
பையில் என் எழுத்து.
என் 'தூ'வுக்கு வால் நீளம்.
வாத்தியாரிடம் அடி வாங்கிய வால்,
எங்கே பார்த்தாலும் தெரியும்.
அவளுக்குத் தமிழ் வராது.
அழகாயிருக்கிறதே, என்ன அர்த்தம் என்று
மலாயில் என்னிடமே கேட்டாள்.
முப்பத்தெட்டு ரிங்கிட்டாம்.

ஆர்மேனியன் வீதியில் கடை. ஏசி குளிர்.
சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் என் தாள்,
பூனையோடு.
கீழே சின்ன அட்டை: எழுதியவர் தெரியவில்லை, பினாங்கு.

"பேரு எழுதியிருந்தேனே தம்பி."
"சட்டத்துக்குள்ள அடங்கல அக்கா."

யுகேந்திரன் நல்ல பையன்தான்.
உட்காரச் சொல்லி ஆரஞ்சு ஜூஸ் வைத்தான்.
"பொது இடத்துல ஒட்டினீங்க.
எல்லாரும் பாக்கணும்னுதானே ஒட்டினீங்க?
அதுவே சம்மதம்தானே?
நான் இன்னும் நாலு பேர பாக்க வெச்சேன்."

"தைப்பூசத்துல தண்ணீர்ப் பந்தல் போடுறோம்.
பத்து டம்ளர்கூட குடி, யாரு கேட்டா?
பானையைத் தூக்கிட்டுப் போயி
அடுத்த முக்குல விலை வெச்சா?"

ஜூஸில் ஐஸ் உடைகிற சத்தம் கேட்டது.
மேஜையைத் திறந்து எண்ணினான்.
எண்பத்திரண்டு பை, பைக்கு மூன்று,
இருநூற்று நாற்பத்தாறு ரிங்கிட்.
"இதுல மட்டும் சைன் பண்ணுங்க:
மேற்கண்ட வரி என் சொந்த வரி."

பேனாவை வாங்கினேன்.
அப்போதுதான் ஏழாம் மாடி வளைவு ஞாபகம் வந்தது.

நாற்காலியின் முன்கால்களைப் பிடித்தபடி
மூச்சு வாங்க நின்றான்
ரேஷம் குருங், எங்கள் நேப்பாளத்து ஜாகா.
லிஃப் தீடோர், காக். தங்கா ஜாகா.
காவல் என்றும் விழித்திரு என்றும்
ஒரே சொல், அவன் உத்தியோகமும் அதுவே.
இவர் சிரித்தார். எத்தனை மாதம் கழித்து.
அன்று ராத்திரியே அதைத் தமிழாக்கிக்
கதவில் ஒட்டி
அடியில் என் பெயரையும் போட்டேன்.

கேட்கவில்லை.
படிக்கட்டில் சத்தமாய்ச் சொன்னதுதானே,
எல்லார் காதிலும் விழுந்ததுதானே.
இப்போது யுகேந்திரன் பேசிய சட்டத்தை
அன்றைக்கு நானும் மனசுக்குள் பேசியிருக்கிறேன்.

பணம் வேண்டாம் என்று சொல்லும் வசதி எனக்கில்லை.
மேஜையிலேயே இருக்கட்டும் என்றேன்.
கையெழுத்துப் போடவில்லை.
அட்டையை மட்டும் திருப்பிப் போட்டுவிட்டு வந்தேன்.

ரேஷம் இப்போது ஜூருவில் என்கிறார்கள்,
ஊருக்கே போய்விட்டான் என்கிறார்கள்.
லிஃப்டைச் சரிசெய்துவிட்டார்கள்.
ஏழாம் மாடியில் மட்டும் நிற்பதில்லை.

நேற்று அதே கதவில் இன்னொரு தாள்,
மலாயிலும் தமிழிலும்:
ரேஷம் நம்பர் தெரிந்தவர் சொல்லவும்.
அவரிடம் ஒன்று கேட்க வேண்டும்,
கேட்காமல் எடுத்தது.

நாலு மூலையிலும்
சோறு கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன்.