ஒரு கிலோ

மூன்றாண்டு இங்கேயே வேலை பார்ப்பேன் என்று
பதினெட்டு வயதில் கையெழுத்துப் போட்டேன்.
ஜாமீனுக்கு இருவர். ஒருவர் மாமா,
மற்றவர் மாமா சொல்லி வந்தவர்.

பட்டம் வாங்கியாயிற்று.
பார்த்தே ஆகவேண்டும் என்கிறது பத்திரம்.
பார்க்கலாம் என்று
இன்னும் யாரும் சொல்லவில்லை.

கிளமெண்டியில் ஒன்பதாவது மாடி அறை.
மேல்கட்டில் எனக்கு, கீழே ஹான்.
அவளுக்குப் போன செவ்வாய் வந்துவிட்டது.
கதவைச் சத்தமில்லாமல் சாத்தி
படிக்கட்டில் நின்று வீட்டுக்குச் சொன்னாள்.
வியட்நாமிய மொழி எனக்குத் தெரியாது.
எல்லாம் புரிந்தது.

'பரிசீலனையில்.'
விரல் பட்டுத் தேய்கிற எழுத்தாக இருந்தால்
இந்நேரம் அழிந்திருக்கும்.

நேர்முகத்தில் கேட்டார்கள்:
ஐந்தாண்டில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?
முப்பத்தாறு நாளுக்கு அப்பால்
என்னைப் பார்க்க எனக்கே அனுமதியில்லை.
அதைச் சொல்லவில்லை.
தலைமைப் பொறுப்பு என்றோ என்னவோ சொன்னேன்,
குளிர்சாதனத்தில் பல் கிட்டித்தது.

திரும்பும் வழியில் அரிசி.
ஐந்து கிலோ பைதான் மலிவு,
தூக்கிப் பார்த்து வைத்துவிட்டு
ஒரு கிலோ எடுத்துவந்தேன்.

ஏன் சின்னப் பை என்றாள் ஹான்.
கனம், என்றேன்.
அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்,
வேறெதுவும் கேட்காமல்
இரண்டு பேருக்கு அளந்தாள்.